சுவரைத் தட்டிய சத்தம்

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். கான்கிரீட் வெட்டுகிற ரம்பத்தைக் கையில் தூக்குவதற்கு முன்னால் அவர் பண்ணுகிற ஆயத்தங்களைப் பார்த்துப் பொறுமை இழந்த யாரோ ஒரு கொத்தனார் வைத்த பெயர் அது. செயினை விரலால் இழுத்துத் தளர்வு பார்ப்பார். எண்ணெய் ஓடுகிற ஹோஸ் இரண்டையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவிக்கொண்டே நடப்பார். செயின் சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டையின் நுனிவரை தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். அப்புறம் சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இத்தனையும் முடிவதற்குள் ஒரு வீட்டைக் காலி பண்ணி இன்னொரு வீட்டுக்குக் குடி போய்விடலாம் என்று வேலையாட்கள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அவருக்கு உதவி அவர் மனைவி. பெட்ரோல் எஞ்சின் வைத்த பம்பு அவள் பொறுப்பு. புகை உள்ளே வராதபடி அதைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்துவாள். அது தள்ளுகிற எண்ணெயின் அழுத்தத்தில்தான் ரம்பம் ஓடும். அவர் கையைத் தூக்கினால் அவள் ஓட்டுவாள், இறக்கினால் நிறுத்துவாள். வேலை நடக்கிற இடங்களில் எல்லாம் அவளுக்குப் பம்பக்கா என்றே பெயர். அவ்வளவு காலத்தில் ஒரு முறைகூட அவர் ரம்பத்தை அவள் கையில் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. ஆனால் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கு வேலை ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில். வங்கி காலி செய்துவிட்டுப் போய், இப்போது அதை ஆஸ்பத்திரியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பணப் பெட்டகம் இருந்த அறையை எக்ஸ்ரே எடுக்கிற அறையாக ஆக்கவேண்டும். சுவர் முழங்கை நீளத்துக்குக் கனம், உள்ளே இரண்டு வரிசைக் கம்பி. அதில் புதிதாக ஒரு வாசல் வெட்டவேண்டும். பழைய இரும்புக் கதவைக் கடைசியில் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

நிதானம் வெளிப்பக்கம் கோடு போட்டு முடித்து, உள்பக்கம் பார்க்கப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் ரம்பத்தை வைத்ததே கிடையாது. கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, டார்ச், அளவு டேப், சின்னச் சுத்தியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. ஜன்னல் இல்லை. காற்று வருவதற்கு இருந்த ஒரே துவாரத்தையும் முந்தின வாரம் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள்.

கட்டட வாட்ச்மேன் பெரியவர் வங்கிக் காலத்திலிருந்தே அங்கே இருப்பவர். அந்தக் கதவு திறந்து கிடந்தால் மூடுவதுதான் அவருக்குத் தெரிந்த உத்தியோகம். டைல்ஸ் ஏற்றிய தள்ளுவண்டி போக வழியில்லை என்று யாரோ கட்டையை எடுத்திருந்தார்கள். பெரியவர் வந்தார், கதவைச் சாத்தினார், பழக்க தோஷத்தில் சக்கரம் போன்ற அந்தக் கைப்பிடியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்.

உள்ளே நிதானத்துக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தபோது வாசல் பக்கத்து வெளிச்சம் இல்லை.

முதலில் அவருக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கதவைத் தட்டினார். சத்தம் கேட்டு வெளியே ஆட்கள் கூடினார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தான். நல்ல பையன், வேலையாட்களுக்குத் தன் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுக்கிறவன். ஒரே ஒரு குறை, எதுவாக இருந்தாலும் உடனே நடந்துவிடவேண்டும் அவனுக்கு. கைப்பிடி சுற்றவில்லை என்றதும் ஒரு நீளமான குழாயைச் செருகி நாலு பேரை வைத்து நெம்பினான். கைப்பிடியின் தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் குழாயைக் கீழே போட்டார்கள். தீயணைப்புக்குப் போன் போட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு எரிந்துகொண்டிருந்தது, வண்டிகள் எல்லாம் அங்கே. பெட்டகக் கதவு தெரிந்த பூட்டுக்காரர் ஒருவர் இருந்தார், வந்து சேர எத்தனை நேரம் ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. கேஸ் வைத்துக் கதவை வெட்டலாம் என்று ஒருவன் சொன்னான். புகை எங்கே போகும் என்று இன்னொருவன் கேட்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான்.

நிதானத்துக்கு நுரையீரல் சரியில்லை. தண்ணீர் இல்லாமல் வெட்டிய காலத்துத் தூசி அதற்குள் படிந்து கிடந்தது. மாடிப்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறவர். மூடின அறையில் எவ்வளவு நேரம் தாங்குவார் என்பதை வெளியே இருந்தவர்களில் அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

குரல் போகுமே தவிர மூச்சுக்குப் போதாத சாவித் துவாரத்தில் வாயை வைத்து அவள் கூப்பிட்டாள். அவர் அந்தத் துவாரத்தில் காதை வைத்தார்.

"என்னங்க, கேக்குதா? பூட்டுக்காரர் வர நேரமாகும். நீங்க கோடு போட்ட எடத்துலயே வெட்டப் போறேன். சுவத்துக்கு நேரா நிக்காதீங்க. மூலையில போய் உக்காருங்க."

"யாரு வெட்டுறது?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"நீ தொடாத. பூட்டுக்காரர் வரட்டும். கேக்குதா? நீ தொடாத."

அவள் காதை எடுத்துவிட்டாளா, கேட்டும் கேட்காத மாதிரிப் போனாளா, தெரியவில்லை. பேசியதிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. டார்ச்சை அணைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே மூலைக்குப் போய் உட்கார்ந்தார்.

இருட்டில் ஒரு மனிதனுக்குக் காது மட்டும்தான் மிச்சம். முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தண்ணீர் ஹோஸ் தரையில் இழுபடுகிற சத்தம் சுவர் வழியாக மெல்ல வந்தது. அதன் பிறகு, அவள் இடத்தில் வேறு யாரோ பம்பை ஓட்ட, ரம்பம் சும்மா சுற்றுகிற சத்தம். சுவரில் வைப்பதற்கு முன் தண்ணீர் விட்டுச் சுழலவிட்டுப் பார்க்கிறாள். அவர் செய்வது அப்படியேதான். செயினைப் பார்த்திருப்பாளா? தளர்ந்திருந்தால் பட்டையை விட்டுக் கழன்று சவுக்கு மாதிரி வீசுமே? முகத்துக்குக் கவசம் போட்டாளா? அவருடைய தலை அளவுக்கு வைத்த கவசம் அவளுக்குத் தொளதொள என்று இருக்குமே?

சுவர் அதிரத் தொடங்கியது. கீழே, முழங்கால் உயரத்தில். வாசல் முழுக்க இல்லாமல் ஆள் நுழைகிற அளவுக்கு, கீழ்வெட்டிலிருந்து ஆரம்பிக்கிறாள். அதுவும் சரிதான். நுனியின் அடிப்பக்கத்தை வைத்து உள்ளே இறக்கவேண்டும், மேல்பக்கம் பட்டால் ரம்பம் துள்ளி ஆள்மேல் திரும்பும். ஒரு நாளும் அவர் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லவேண்டிய தேவை வரும் என்று நினைத்ததே இல்லை. இப்போது சொல்லவேண்டும் போலிருந்தது, சொல்ல ஆள் பக்கத்தில் இல்லை.

சத்தம் ஒரே சீராக வந்தது. கம்பி வந்த இடத்தில் சுருதி மாறியது. அவள் அழுத்தத்தைக் குறைத்து, கம்பி அறுபட்டதும் மறுபடி கூட்டினாள். அவர் இருட்டில் தன் கைகளை ரம்பம் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து சாய்ந்துகொண்டிருந்தார். அது அவருக்கே தெரியாது.

நெஞ்சு அடைக்க ஆரம்பித்த நேரம், சுவரின் அடியில் சாம்பல் நிறத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. செயினின் பற்கள் வெளியே வந்து சுழன்றன. கூடவே கோடு போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். வெட்டு நீள நீள வெளிச்சமும் நீண்டது. பிறகு ரம்பத்தை வெளியே எடுத்தாள்.

அவர் தவழ்ந்து போய் அந்தப் பிளவில் மூக்கை வைத்தார். சகதித் தண்ணீரோடு காற்றும் வந்தது. ஈரமான, சிமெண்ட் வாடை அடிக்கிற காற்று. ஆனாலும் காற்று. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். நெஞ்சு தளர்ந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. இனி யாரும் எதையும் வெட்டவேண்டியதில்லை. பூட்டுக்காரர் ராத்திரிக்கு வந்தால்கூடப் பரவாயில்லை, இங்கேயே படுத்துக்கிடக்கலாம்.

அதைச் சொல்வதற்காக வாயைப் பிளவில் வைத்து அவளைக் கூப்பிட்டார். அதற்குள் மேலே, மார்பு உயரத்தில், ரம்பம் மறுபடி சுவரில் இறங்கிவிட்டது. மேல்வெட்டு. சுவர் முழுக்க அதிர்ந்தது. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அவள் காதில் மூடி இருக்கும். அது இல்லாமல் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தவரே அவர்தான்.

உரக்கக் கத்தினார். இருமல் வந்தது. இருமல் நின்றதும் சுத்தியலை எடுத்துச் சுவரில் அடித்தார். நிறுத்து என்பதற்குக் கையை இறக்குவார்கள், ஓட்டு என்பதற்குக் கையைத் தூக்குவார்கள். கண்ணால் பார்க்கிற சைகைதான் அவர்களுக்குள் இருந்தது. சுத்தியலால் அடித்தால் என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசி வைத்ததே இல்லை. நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று மனதில் சொல்லிக்கொண்டே அடித்தார். ரம்பத்தின் சத்தம் ஒரு கணம் தயங்கியது. அவர் இன்னும் வேகமாக அடித்தார். அந்தப் பக்கம் ரம்பமும் இன்னும் வேகமாக ஓடியது.

வெளியே என்ன நடந்தது என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. சுவரில் காதை வைத்திருந்த சூப்பர்வைசர், உள்ளே அடிக்கிறார், மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது, சீக்கிரம் என்று அவள் காதருகே கத்தினானாம். அவளும் அப்படித்தான் நினைத்தாளாம். எதையும் ஆற அமரச் செய்கிற மனுஷன் இப்படி அடிக்கிறார் என்றால் உயிர் போகிற நேரமாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியதாம்.

அடித்துப் பயனில்லை என்று கண்டதும் அவர் இன்னொரு வழி பார்த்தார். அளவு டேப்பின் மெல்லிய தகட்டை இழுத்து, கீழ்ப் பிளவு வழியாக வெளியே தள்ளினார். யாராவது கண்டால் குனிவார்கள், குனிந்தால் சத்தம் போடலாம். தகடு வெளியே போயிற்று. இரண்டு பக்கமும் ஆட்டினார். யாரோ பிடித்தார்கள். அவருக்கு உயிர் வந்தது. அடுத்த நொடி தகடு விறுவிறுவென்று வெளியே இழுபட்டது. டேப்பின் பெட்டி வந்து பிளவில் முட்டிக்கொண்டு நின்றது. வெளியே பிடித்தவர் விடவில்லை, பலமாக ஒரு இழுப்பு இழுத்தார். தகடு அறுந்து முழுவதும் போய்விட்டது. வாட்ச்மேன் பெரியவர்தான் அது. உள்ளே இருப்பவர் பத்திரமாக இருக்கட்டும் என்று சாமானை வெளியே அனுப்புகிறார் என்று நினைத்து, அதைத் துடைத்துச் சுருட்டி ஜன்னலில் வைத்தாராம். ஒன்றுமில்லாத பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மேல்வெட்டு முடிந்தது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. எஞ்சின் மட்டும் எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கேட்கும் என்று அவர் எழுந்து மேல் பிளவில் வாயை வைத்தார். "காத்து வருது" என்று சொல்ல ஆரம்பித்தார். காத்து என்பது வெளியே போயிற்று, மீதியை இருமல் தின்றுவிட்டது.

வெளியே யாரோ, காத்து இல்லையாம் என்றார்கள்.

ரம்பம் மறுபடி கிளம்பியது. ஆனால் இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. விட்டு விட்டு அழுத்தியது, திக்கித் திணறியது, தண்ணீர்ச் சத்தம் சரியாக இல்லை. அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தார். அந்த எடையை இவ்வளவு நேரம் பிடிக்கப் பழகாத கை. இடது ஓரம், மேல் மூலையிலிருந்து இறக்கப் பார்க்கிறாள். அங்கே ஏற்கெனவே வெட்டிய பிளவு இருக்கிறது. நுனியின் மேல்பக்கம் அதன் விளிம்பில் மாட்டினால் போதும். அந்த உயரத்தில் துள்ளினால் ரம்பம் தோளுக்குத்தான் வரும். ஓய்ந்த கையோடு அங்கே ரம்பத்தைத் தூக்கவே கூடாது.

அவர் இரண்டு கையாலும் சுவரை அறைந்தார். வேண்டாம் என்றார். கேட்க யாருமில்லை என்று தெரிந்தும், வேண்டாம்மா, விட்டுடும்மா என்று சுவரிடம் கெஞ்சினார்.

ஒரு கிறீச். தொம்மென்று ஏதோ விழுந்தது. ரம்பம் நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து எஞ்சினும் நின்றது.

அதுவரை சத்தம் நிற்கவில்லையே என்று தவித்தவருக்கு, இப்போது அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. காலடிகள் ஓடின. பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். துணி எடு, தூக்காத, படுக்க வை, வண்டியக் கூப்பிடு. அவர் பிளவில் வாய் வைத்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். இப்போது குரல் தெளிவாகத்தான் போயிற்று. கேட்டிருக்கவும் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் சுவருக்குள் இருக்கிறவனுக்குப் பதில் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? அவளைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். மேல் பிளவில் கண்ணை வைத்தார். எதிர்ச்சுவரின் ஒரு கீற்றும், அதைக் கடந்து போகிற சட்டைகளின் நிறமும்தான் தெரிந்தன. அவள் அன்றைக்கு என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. காலையில் ஒன்றாகப் புறப்பட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளின் சட்டை நிறம் ஞாபகம் வரவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. அடிப் பிளவிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க. இருக்கீங்களா?"

அவருக்குச் சொல்லவேண்டியது எவ்வளவோ இருந்தது. விரலைப் பிளவுக்குள் விட்டார். சுவர் கனம், எட்டவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. சூப்பர்வைசர் தம்பிக்குத்தான். என் கை நடுங்குதுன்னு வாங்கிக்கிட்டான். நான் தடுத்தேன். தோள்ல பட்டுடுச்சு. வண்டியில ஏத்திட்டாங்க."

"உசிருக்கு?"

"பேசினான். உங்களைத்தான் கேட்டான்." அவள் குரல் உடைந்து, பின் நிமிர்ந்தது. "இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி. கொஞ்சம் பொறுத்துக்குங்க, வெட்டிடுறேன்."

"வேணாம்." இந்த முறை அவர் ஒவ்வொரு சொல்லாக, இருமல் வராதபடி சொன்னார். "காத்து நல்லா வருது. நீ மொத வெட்டு வெட்டினதுமே வந்துடுச்சு. அப்பவே போதும்."

அந்தப் பக்கம் அவள் சகதியில் உட்காருகிற சத்தம் கேட்டது. "அப்ப எதுக்கு அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

சாயங்காலத்துக்கு முன் பூட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கதவைச் சுற்றிப் பார்த்தார், ஓரிடத்தில் சின்னதாகத் துளை போட்டார், ஒரு வளைந்த கம்பியை விட்டு நெம்பினார். ஒரு டீ ஆறுவதற்குள் கதவு திறந்துவிட்டது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. வெட்டுப்பட்ட சுவரைப் பார்த்தார், தரையில் சகதியோடு கலந்திருந்த ரத்தக் கறையைப் பார்த்தார், கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

மறுநாள் இருவரும் சூப்பர்வைசரைப் பார்க்க அவன் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் அவளிடம் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடவேண்டும், மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும் என்றார். சொல்லிடுங்க என்றாள் அவளும்.

சூப்பர்வைசர் தோளிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். நரம்பு அறுந்திருக்கிறது, வலது கை இனி தோளுக்கு மேல் எழும்பாது, விரலும் சரியாகப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். நிதானத்தைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அம்மாவிடம், இவர்தான் என்றான்.

அந்த அம்மா எழுந்து நின்று, அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். ஏதோ ஒரு பொருளைக் கொடுத்து வாங்கிய பொருளைப் பார்ப்பது போல, சேதம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை, குத்தல் இல்லை. அவர் நல்லா இருந்தாகவேண்டும் அவளுக்கு.

"அண்ணே, நீங்க அடிச்சது இன்னும் காதுலயே இருக்கு," என்றான் அவன். "தூங்கினாலும் கேக்குது. சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு அடிச்சீங்கள்ல? அக்கா நிதானமாத்தான் வெட்டுனாங்க. எனக்குத்தான் தாங்கல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உங்களைப் பாத்திருக்க முடியாதில்லண்ணே?"

நிதானம் வாயைத் திறந்தார். அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவின் கண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா தம்பி," என்றார். "மூச்சு முட்டிடுச்சு."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகட்டும், கை போனாலும் ஒரு உயிர் நின்றதே என்றாள். பிறகு அவர்களை உட்காரச் சொல்லி, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வங்கிக் கட்டட வேலை முடிந்து, வேறு இடங்களுக்கும் அவர்கள் போனார்கள். சூப்பர்வைசர் குணமாகித் திரும்பி வந்தான். கையெழுத்தை இடது கையால் போடப் பழகிக்கொண்டான். இப்போதும் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அவர்களை நிறுத்திவைத்து அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டான். இருட்டு அறை, காற்றில்லை, உள்ளேயிருந்து சுத்தியல் அடி, இவன் ரம்பத்தைப் பிடுங்கியது. சொல்லச் சொல்ல அந்த அடிகள் வருஷத்துக்கு வருஷம் பலமாகிக்கொண்டே வந்தன. முடிக்கும்போது நிதானத்தின் பக்கம் திரும்பி, "என்னண்ணே, சரிதானே?" என்று கேட்பான்.

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். அவர் மனைவி அந்த இடத்தில் இருக்கமாட்டாள். பம்பில் எண்ணெய் பார்க்கவேண்டும் என்று முன்பே எழுந்து போயிருப்பாள்.